அடுத்த எண்ணைக் கேட்டு அறிந்த பகா எண்



இன்று ஒரே ஓர் எண்ணைப் பற்றிப் பேச விரும்புகிறேன்: 170141183460469231731687303715884105727. இரண்டின் 127-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு; 39 இலக்கங்கள். 1644-இல் மாரின் மெர்சென் இதைப் பகா எண் என்று பட்டியலிட்டார்; நிரூபணம் தரவில்லை. அதே பட்டியலில் அவர் சேர்த்த, இரண்டின் 67-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண் பின்னாளில் பகு எண் என்று தெரிந்தது. எனவே அவர் சொல்லை மட்டும் நம்பி ஏற்க முடியாது.

பள்ளியில் கற்ற வழி, வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்ப்பது. நொடிக்கு நூறு கோடி வகுத்தல் செய்யும் கணினிகூட ஒவ்வோர் எண்ணாக வகுத்தால் முடிக்க நானூறு ஆண்டுகளுக்கு மேலாகும். ஆனால் 1876-இல், கணினி இல்லாத காலத்தில், எதுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர் இதைப் பகா எண் என்று நிறுவிவிட்டார்! எப்படி?

அவர் கவனித்தது அடுத்த எண்ணை. ஒன்றைக் கூட்டினால் கிடைப்பது வெறும் இரண்டுகளின் பெருக்கம். அதன் காரணிகளில் ஒளிவுமறைவு இல்லை. 5 நீங்கலாக, ஒரு பகா எண் பிபனாச்சி வரிசையின் எத்தனையாவது எண்ணை முதலில் வகுக்கும் என்பது, அதற்கு முந்தைய எண்ணையோ பிந்தைய எண்ணையோ சார்ந்திருக்கிறது. லூக்கா பிடித்துக்கொண்ட நூல் இதுதான். என்னைப் பொறுத்தவரை, எண்ணியலின் பேரழகுகளில் ஒன்று இது.

1930-இல் கணிதவியலாளர் லெமர் எளிமையாக்கிய வடிவத்தில் சோதனையைச் செய்து பார்ப்போம். 4-இல் தொடங்குங்கள், வர்க்கமாக்கி 2-ஐக் கழியுங்கள், சோதிக்கும் எண்ணால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 31-க்கு: 4, 14, 194. இங்கே வகுத்தலே வேண்டாம். 194-இல் ஆறு 32-களும் ஓர் 2-உம் உள்ளன. ஒவ்வொரு 32-உம் மீதி 1 தருவதால், 6-ஐயும் 2-ஐயும் கூட்டினால் 8, அதுவே மீதி. 8-இன் வர்க்கத்தில் 2 போனால் 62. அது 31-ஆல் மீதியின்றி வகுபடுகிறது. ஆகவே 31 பகா எண். இரண்டின் 5-ஆம் அடுக்கில் ஒன்று குறைவான 31-க்கு, அடுக்கைவிட இரண்டு குறைவாக, 3 படிகள்; நமது 39 இலக்க எண்ணுக்கு இப்படி 125 படிகள் போதும்.

1951 வரை இதைவிடப் பெரிய பகா எண் எதுவும் அறியப்படவில்லை. 2024-இல் அறிவிக்கப்பட்ட 4,10,24,320 இலக்கப் பகா எண்ணும், இரண்டின் ஓர் அடுக்கில் ஒன்று குறையும் மெர்சென் வகைதான். அதை உறுதி செய்ததும் இதே சோதனைதான்.

கணிதவியலாளர் கத்தலான் இன்னொரு கேள்வி எழுப்பினார். 3-ஐ இரண்டின் அடுக்காக வைத்து ஒன்றைக் கழித்தால் 7; 7-ஐ வைத்தால் 127; 127-ஐ வைத்தால் நமது எண். எல்லாம் பகா எண்கள். நமது எண்ணையே இரண்டின் அடுக்காக வைத்து ஒன்றைக் கழித்தால்? லூக்காவின் சோதனை இங்கே உதவாது: தேவைப்படும் படிகளின் எண்ணிக்கையே ஏறக்குறைய நமது 39 இலக்க எண். சிறிய காரணி ஏதாவது சிக்குமா என்று தேடியிருக்கிறார்கள். இதுவரை ஒன்றும் அகப்படவில்லை.