சம்பளமில்லாத ஓர் உத்தியோகம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பழைய மாணவியர் கூட்டத்தில் வேறிடத்தில் படித்த பெண்ணைப் பாராட்டுவது எமக்கு வழக்கமில்லை. இன்று மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். கொழும்பிலே பிறந்த தமிழ்ப் பெண்ணான சட்டத்தரணி ராதிகா குமாரசுவாமி அவர்கள் வகித்த ஒரு பதவியைப் பற்றிப் பேசப்போகிறோம். யேல், கொலம்பியா, ஹாவார்ட் பல்கலைக்கழகங்களில் அவர் பெற்ற பட்டங்களை வரிசைப்படுத்தினால் நேரம் போய்விடும். அவற்றை விட்டுவிடுவோம்.

பெண்களுக்கு எதிரான சகலவிதமான பாரபட்சங்களையும் ஒழிப்பதற்கான சமவாயத்தை ஐக்கிய நாடுகள் சபை 1979இல் ஏற்றது. இலங்கை 1981இல் அதில் இணைந்தது. அதிலுள்ள 30 உறுப்புரைகளில் எங்கேனும் வீட்டில் அடிவாங்கும் பெண்ணைப் பற்றி நேரடியாக ஒரு வரி இருக்கிறதா என்று தேடினால் கிடைக்காது. அது குடும்ப விஷயம் என்று உலகமே நினைத்த காலம். வீட்டுக் கதை வாசற்படி தாண்டக்கூடாது என்றுதானே எம்மையும் வளர்த்தார்கள்?

பெண்கள் அமைப்புகள் விடாமல் போராடியதன் பயனாக 1993இல் வியன்னா மாநாடு பெண்களின் உரிமைகளை மனித உரிமைகளாக ஏற்றது. மறு வருடம் மனித உரிமைகள் ஆணைக்குழு, பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்து ஆராய விசேட அறிக்கையாளர் பதவியை உருவாக்கியது. அதை முதலில் ஏற்றவர் ராதிகா அவர்கள். 2003 வரை அதில் இருந்தார். அந்தப் பதவிக்குச் சம்பளமில்லை. ஒருவரையும் கைது செய்யவோ, ஓர் அரசைத் தண்டிக்கவோ அதிகாரமுமில்லை. ஒரு நாட்டுக்குள் போவதற்குக்கூட அந்த நாட்டின் சம்மதம் வேண்டும். கேட்பது, எழுதுவது, ஜெனீவாவில் சமர்ப்பிப்பது. இவ்வளவுதான் வேலை.

அந்த வேலையால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறோம்.

இரண்டாம் உலகப் போரில் யப்பானிய இராணுவத்துக்காகக் கொரியாவிலும் வேறு நாடுகளிலும் இருந்து பெண்கள் கொண்டுசெல்லப்பட்டு அடைத்து வைக்கப்பட்டார்கள். அவர்களுக்கு 'ஆறுதல் பெண்கள்' என்று பெயர் வைத்தார்கள். யாருக்கு ஆறுதல்? ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தில் பலர் ஏறத்தாழ அரை நூற்றாண்டு வாய் திறக்கவில்லை. 1991இல் கிம் ஹாக்-சுன் என்ற கொரிய மூதாட்டி தம் பெயரைச் சொல்லிப் பகிரங்கமாகப் பேசினார்.

1995 ஜூலையில் ராதிகா அவர்கள் சியோலுக்கும் தோக்கியோவுக்கும் சென்றார். உயிருடன் இருந்த மூதாட்டிகளின் வாக்குமூலங்களைக் கேட்டார். மறு ஆண்டு வெளிவந்த அறிக்கையில், நடந்ததை இராணுவப் பாலியல் அடிமைத்தனம் என்றே எழுதினார். யப்பான் சட்டரீதியான பொறுப்பை ஏற்க வேண்டும், நட்டஈடு வழங்க வேண்டும், எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், பாடத்திட்டத்தில் இந்த வரலாற்றைச் சேர்க்க வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைத்தார். பாடத்திட்டத்தையும் அவர் மறக்காதது ஆசிரியைகள் நிறைந்த இந்த மண்டபத்துக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறோம்.

கதை அங்கே முடியவில்லை. அறிக்கையில் எடுத்தாளப்பட்ட ஒரு யப்பானியரின் கூற்று பொய்யென்று பின்னர் தெரியவந்தது. 2014இல் யப்பானிய அரசு, அறிக்கையின் அந்தப் பகுதியைத் திருத்துமாறு அவரைக் கேட்டது. அவர் மறுத்தார். அது பல சான்றுகளில் ஒன்று மாத்திரமே என்பது அவர் நிலைப்பாடு. அந்தக் கூற்று விழுந்தாலும் மூதாட்டிகளின் வாக்குமூலங்கள் நிற்கின்றன அல்லவா?

வீட்டு வன்முறை பற்றியும் அவர் எழுதினார். அடித்தவன் கணவன்தானே, அரசுக்கு என்ன என்று கேட்க முடியாது. தடுக்காமலும் விசாரிக்காமலும் இருந்தால் அரசும் பொறுப்பு என்று அவருடைய அறிக்கைகள் வலியுறுத்தின. எமது நாட்டில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது. பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அவர் சார்பில் பொலிஸ் அதிகாரியும் விண்ணப்பிக்கலாம். இதை அறியாத பழைய மாணவியர் எம்மிடையே இன்னும் இருப்பதால்தான் இங்கே சொல்கிறோம்.

2006 முதல் 2012 வரை ஆயுத மோதல்களில் சிறுவர்களுக்கான செயலாளர் நாயகத்தின் விசேட பிரதிநிதியாக இருந்தார். சிறுவரைப் படையில் சேர்த்தோரின் பட்டியல்களில் எமது நாட்டு ஆயுதக் குழுக்களும் இருந்தன. சொந்த நாட்டைப் பற்றி அப்படி எழுதுவது இலகுவான காரியமல்ல. எல்லாத் தரப்பிலும் கோபம் வரும்.

2017இல் மியன்மார் பற்றிய உண்மை கண்டறியும் குழுவின் மூன்று உறுப்பினருள் ஒருவரானார். மியன்மார் அரசு அவர்களை நாட்டுக்குள் அனுமதிக்கவில்லை. நாட்டுக்கு வெளியே, தப்பி வந்தவர்களிடமும் நேரில் கண்டவர்களிடமும் கேட்டார்கள். 875 பேரின் விரிவான வாக்குமூலங்களைப் பதிந்து, 2018இல் ஜெனீவாவில் அறிக்கை சமர்ப்பித்தார்கள்.