நாகைக் கடற்கரையில் ஒரு பெரும்பள்ளி

(கோடம்பாக்கத்தில் மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கோடம்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறினால் மூன்றாவது நிலையம் எழும்பூர். அங்குள்ள அரசு அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்தில் தமிழ்ச் சமணக் குடும்பத்தினர் ஒரு கணம் மயங்கி நிற்பதுண்டு. தாமரைப் பீடம், மடிமேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கைகள், நீண்ட காதுகள், பாதி மூடிய விழிகள். ஊர் ஜினாலயத்தில் கண்ட திருவுருவமே என்று கைகள் தாமாகக் குவியும். அருகில் சென்ற பிறகுதான் இடத்தோளைத் தழுவிய மெல்லாடையின் விளிம்பும், தலையுச்சியில் எழும் தீக்கொழுந்தும் கண்ணுக்குப் புலப்படும். அவர் நாகப்பட்டினத்துப் புத்தர்.

இம்மயக்கத்தில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. குஷாணர் காலத்து மதுரா நகரில் ஒரே சிவப்பு மணற்கல்லில் புத்தர் உருவமும் ஜினர் உருவமும் செதுக்கப்பெற்றன. தூபி என்றவுடன் பௌத்தம் என்றே பள்ளிப் புத்தகங்கள் எழுதுகின்றன. அது முழு உண்மையன்று. மதுராவின் கங்காளி மேட்டில் 1888 முதல் 1891 வரை நடந்த அகழாய்வில் வெளிப்பட்டது சமணத் தூபி. முற்காலப் பௌத்தக் கலை புத்தரை மனித உருவில் காட்டவுமில்லை. சாஞ்சியிலும் பார்குத்திலும் அரசமரம், அறவாழி, வெற்று இருக்கை, திருவடிச் சுவடு ஆகியவையே அவரைக் குறித்து நின்றன. பொன்னூர் மலையில் குந்தகுந்தாசாரியாரின் திருவடிகளை வணங்கிவரும் குடும்பங்களுக்கு இவ்வழக்கை விளக்க வேண்டியதில்லை.

இக்கலை இரண்டு வழிகளில் ஆசியாவெங்கும் பரவியது. தரைவழி காந்தாரத்திலிருந்து பாமியான் மலைகளைக் கடந்து, சீனத்தின் துன்ஹுவாங் குகைகள் வழியாகக் கொரியாவையும் ஜப்பானையும் அடைந்தது. அரைக்கோள வடிவத் தூபி அவ்வழியில் உயர்ந்து உயர்ந்து அடுக்குக் கோபுரமாயிற்று. மற்றொன்று கடல்வழி. தமிழர்க்கு நெருங்கியது அதுதான்.

கிருஷ்ணை ஆற்றங்கரையில் அமராவதியில் வளர்ந்த சிற்ப மரபு கடற்கரையோரமாகத் தெற்கே இறங்கியது. காவிரிப்பூம்பட்டினத்தில், பல்லவனீச்சுரம் என்னும் பகுதியில், இந்தியத் தொல்லியல் துறையினர் ஒரு பௌத்த விகாரத்தின் அடித்தளத்தை அகழ்ந்து கண்டனர். அங்கே கிடைத்த புத்தபாதம் உள்ளூர்க் கல்லால் ஆனதன்று. ஆந்திர நாட்டுப் பல்நாட்டுச் சுண்ணாம்புக் கல்லால் ஆனது. கல்லே கப்பலேறி வந்திருக்கும்போது, அதனைச் செதுக்கும் கலை வருவதற்குத் தடை ஏது? அங்கிருந்து ஈழத்திற்கும், கடாரம், ஸ்ரீவிஜயம், சாவகம் ஆகிய நாடுகளுக்கும் வணிகரோடும் துறவியரோடும் கலை சென்றது.

இங்கு ஒரு கேள்வி எழும். சமணக் கலை ஏன் அவ்வாறு கடல் கடக்கவில்லை? சமண வணிகர்களுக்குக் கடற்பயணம் புதிதன்று. ஆனால் சமண முனிவர் ஊர்தி ஏறார், கால்நடையாகவே செல்வார். முனிவர் செல்லாத நாட்டில் பள்ளி நிலைபெறுவது அரிது. ஈழத்தில் மட்டும், அநுராதபுரத்தில் நிகண்டர் உறைந்ததை மகாவம்சம் குறிக்கின்றது. அயல்நாடுகளில் பரவாததைக் குறையாகக் கருதுவோர் உண்டு. நடந்து சென்ற ஊர்களில் வேர் ஆழமாக ஊன்றியது என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

கடல் கடந்த கலை திரும்பி வந்ததும் உண்டு. கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட சைலேந்திர குலத்து ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு விகாரம் எடுப்பித்தான். அதற்கு முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். அவன் மைந்தன் இராசேந்திரன் அக்கொடையைச் செப்பேட்டில் பொறிப்பித்தான். மொத்தம் 21 ஏடுகள்; அவற்றுள் 5 வடமொழி, 16 தமிழ். ஹாலந்து நாட்டு லெய்டன் நகரைச் சென்றடைந்தமையால் அவை லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன. பெண்யானையை நடக்கவிட்டு ஊரெல்லை வகுத்த செய்தியும் அவற்றுள் உள்ளது. அதே இராசேந்திரன் 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மீதே கடற்படை செலுத்தினான். எனினும் நாகையில் விகாரம் அழியவில்லை. 1090இல் முதலாம் குலோத்துங்கன் கடாரத்து அரசன் தூதர்களின் வேண்டுகோளுக்கிணங்கி அதன் உரிமைகளை மீண்டும் உறுதிசெய்து தந்தான். போர் வேறு, அறம் வேறு என்று அக்காலத்தார் பிரித்தறிந்திருந்தனர் போலும்.

இச்செப்பேட்டில் ஒரு சொல் கருதத்தக்கது. ஆனைமங்கலம் 'பள்ளிச்சந்தம்' ஆக வழங்கப்பெற்றது. சிவன் கோயிலுக்குத் தந்தது தேவதானம். அந்தணர்க்குத் தந்தது பிரமதேயம். சமணப் பள்ளிக்கும் பௌத்தப் பள்ளிக்கும் தந்தது பள்ளிச்சந்தம். சோழர் வருவாய்க் கணக்கில் இரு சமயத்திற்கும் ஒரே பெயர்தான். பிள்ளைகள் இன்று படிக்கச் செல்லும் இடத்திற்கும் அப்பள்ளி என்னும் பெயரே நிலைத்துவிட்டது.

நாகையில் செங்கல்லால் ஆன ஒரு மூன்றடுக்குக் கோபுரம் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நின்றது. ஊரார் அதனைப் புதுவெளிக் கோபுரம் என்றனர்; ஐரோப்பியர் சீனக் கோபுரம் என்றனர். அது சூடாமணி விகாரத்தின் பகுதியா, சீன வணிகர்க்காக எழுந்த வேறொரு கட்டடமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1845இல் அமராவதியை அகழ்ந்த சர் வால்டர் எலியட் மறு ஆண்டே இக்கோபுரத்தைக் கண்டு எழுதிவைத்தார். பின்னர் அந்நிலத்தில் குடியேறிய ஏசு சபைத் துறவியர் அதனை அகற்ற அரசின் இசைவை வேண்டினர். 1867இல் கோபுரம் இடிக்கப்பெற்றது. அவர்களை மட்டும் நோவதிற் பயனில்லை. இது எங்கள் பள்ளி, இதற்கு நாங்கள் விளக்கேற்றுகிறோம் என்று முன்வந்து சொல்ல ஊரில் ஒரு பௌத்த சமுதாயம் எஞ்சியிருக்கவில்லை.

இதனோடு போளூருக்கு அருகிலுள்ள திருமலையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இராசராசனின் தமக்கை குந்தவையின் பெயர் தாங்கிய ஜினாலயம் அங்கே உள்ளது. காலமும் ஏறக்குறைய ஒன்றே. அரச குடும்பமும் ஒன்றே. நாகை விகாரத்திற்குப் பின்னால் ஒரு கடல்வல்லரசின் செல்வம் இருந்தது. திருமலைக்குப் பின்னால் இருந்தவர் சில ஊர்களின் உழவர் குடிகள். திருமலையில் இன்றும் வழிபாடு நடைபெறுகின்றது.

நாகையில் 1856 முதல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த பௌத்தச் செப்புத் திருமேனிகள் ஏறத்தாழ 350. டி. என். இராமச்சந்திரன் அவற்றை ஆராய்ந்து எழுதிய நூலைச் சென்னை அருங்காட்சியகம் 1954இல் வெளியிட்டது. தலையுச்சித் தீக்கொழுந்தை ஈழத்திலும் சயாம் நாட்டுப் புத்தர்களிடத்தும் காணலாம். சோழநாட்டு மெழுகு வார்ப்புக் கலைஞரின் கைவண்ணமும் கடல்கடந்த நாடுகளின் வழிபாட்டு மரபும் இவற்றுள் ஒன்று கலந்துள்ளன.

வயல்வெளியிலும் ஏரிக்கரையிலும் அமர்ந்துள்ள கற்சிலைகளின் நிலை வேறு. அவற்றின் பெயரே மாறிவிட்டது. சேலம் மாவட்டத்துப் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என வணங்கப்பெற்ற சிலை புத்தருடையது எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. பல சிற்றூர்களில் தீர்த்தங்கரரைப் புத்தர் சாமி என்கின்றனர். இதனை அறியாமை என்று எள்ளுவதைவிட, அடையாளம் கண்டு சொல்லக்கூடியவர்கள் அவ்வழியே செல்லும்போது நின்று பார்ப்பது நலம். மேனியில் ஆடையின் கோடு உண்டா? தலைமேல் முக்குடை உள்ளதா? இருபுறமும் சாமரம் வீசுவோர் உளரா? நின்ற கோலமாயின் கைகள் உடலை ஒட்டித் தொங்குகின்றனவா, அன்றி அருள்காட்டி உயர்ந்துள்ளனவா? அமர்ந்த ஜினரின் கைகள் மடியை விட்டு நீங்கா. புத்தரின் வலக்கை சில வேளை நிலத்தைத் தொடும். சிதைந்த சிலையிலும் இவற்றுள் ஒன்றிரண்டு குறிகள் எஞ்சியிருக்கும். இதனைப் பத்து வயதுப் பிள்ளைக்கும் எழும்பூர்க் கூடத்தில் ஒரு பிற்பகலில் கற்பித்துவிடலாம்.

நாகைத் திருமேனிகளுள் ஒன்று இன்று நியூயார்க் நகரில் உள்ளது. அதன் பீடத்தில் தமிழ் எழுத்துகள் பொறிக்கப்பெற்றுள்ளன. புத்தரை அவை 'ஆழ்வார்' என்கின்றன. பெரும்பள்ளியில் திருவிழாவின்போது எழுந்தருளச் செய்தளித்த உற்சவர் என்றும், சிறுதவூரைச் சேர்ந்த ஒருவர் அளித்தது என்றும் கூறுகின்றன. ஜினாலயங்களில் உற்சவரைத் தோளில் சுமந்தவர்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும். நாகையின் அந்த உற்சவரைத் தோளில் சுமந்தவர்கள் எத்தெருக்களில் சென்றனர், அவர்தம் வழிவந்தோர் இன்று எச்சமயத்தினராய் எவ்வூரில் வாழ்கின்றனர் என்பதை அப்பீடம் சொல்லவில்லை.