சந்தாப் பாக்கியும் இடாப்பும்



2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டபோது நாங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் படித்துக்கொண்டிருந்தோம். சாமான் விலை ஏறிய அந்த நாட்களில் மகாபொலப் பணமும் ரியூசன் கொடுத்து வந்த காசும் சாப்பாட்டுக்கே போதவில்லை. காலையில் வாட், பின்னேரம் ரியூசன், ஊரடங்குக்கு முன் சைக்கிளில் வீடு. சங்கச் சந்தா இரண்டு வருடப் பாக்கி. கூட்டத்தில் பெயர் வாசித்துவிடுவார்களோ என்ற வெட்கத்தில் நால்வரும் ஒதுங்கிக்கொண்டோம்.

ஒருநாள் பொருளாளர் அக்கா எங்களைத் தேடி வந்தார். "காசு உழைக்கேக்க தாங்கோ பிள்ளையள். இப்ப சனிக்கிழமையில ஒரு மணித்தியாலம் ஓ.எல். பிள்ளையளுக்கு விஞ்ஞானம் படிப்பிச்சுக் குடுங்கோ" என்றார். மூவர் போனோம். ஒருத்தி மட்டும் வரவில்லை. பிறகும் வரவேயில்லை.

இன்று எங்களுக்குச் சந்தா பாரமில்லை. இரவுக் கடமை, பிள்ளைகள், வயதான பெற்றோர் என்று நேரம்தான் இல்லை. அக்கா சொல்லித்தந்த கணக்கு இப்போதும் சரிதான்: காசு உள்ளபோது காசு, நேரம் உள்ளபோது நேரம்.

நூற்றாண்டில் சங்கத்திடம் நாங்கள் கேட்பது இரண்டு. படிக்கும் பிள்ளைகளிடமும் வேலை தேடுவோரிடமும் சந்தா கேட்க வேண்டாம். அவர்களுடைய பங்கை எங்கள் வகுப்பு கட்டும். பாக்கிக்காரரின் பெயரைக் கூட்டத்தில் வாசிக்கவும் வேண்டாம்.

எங்கிருந்தோ இந்த மலரைப் படிக்கும் எங்கள் நாலாவது தோழியே, நீயும் வா. உன் பெயர் இன்னும் இடாப்பில் இருக்கிறது.