படகு வண்டியும் நம் கைவேலையும்

(மீனவ இளைஞர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நான் குருமடத்தில் மெய்யியல் படித்தவன்; இறையியல் படித்தவன்; வெல்டிங் படித்தவன் அல்லன். ஆகவே, "சாமியாருக்கு வண்டி வேலையில் என்ன தெரியும்?" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது நியாயந்தான். ஆயினும் கடற்கரைப் பங்குகளிலேயே காலத்தைக் கழித்தவன் பட்டறை வாசலில் நின்று கற்றுக்கொண்டதும் கொஞ்சம் உண்டு.

கட்டுமரக் காலத்தில் இந்தக் கவலை இருந்ததில்லை. கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே தூக்கிச் சென்று மேட்டில் காயப்போட்டார்கள் நம் முன்னோர். 1980களில் முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகு கட்டினார்கள். 2004 சுனாமிக்குப் பின் கரையெங்கும் பைபர் படகு நிறைந்தது. பைபரை மணலில் இழுக்க இழுக்க அடித்தோல் தேய்ந்து, உள்ளிருக்கும் கண்ணாடி நார் வெளிப்பட்டு, அதன் வழியே நீர் ஊறும். ஆகவே சக்கரம் வைத்த வண்டி தேவையாயிற்று. பழைய ஜீப்பின் அச்சும் காயலான் கடை இரும்பும் கொண்டு நம் பிள்ளைகள் செய்யும் வண்டிகளைப் பார்த்தால் எனக்குப் பெருமைதான். பயமும் உண்டு.

முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கில் படகின் பின்தலையில் கனத்த எஞ்சின் ஒன்றை மாட்டினார்கள். வண்டியின் அச்சை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள். பாரம் முழுவதும் பின்னே போய்விட்டது. டிராக்டர் கொக்கியிலிருந்து ஊசியைக் கழற்றிய மாத்திரத்தில் இழுவைத் தண்டு மேலே எகிற, பின்பக்கம் தொப்பென்று இறங்கிற்று. பின்னால் நின்ற வாலிபனின் கணுக்கால் நொறுங்கியது. அவன் இன்று கரையில் வலை செப்பனிடுகிறான், கடலுக்குப் போவதில்லை.

ஆகையால் எஞ்சினை மாற்றினால் அச்சின் இடத்தையும் மாற்றுங்கள். வண்டி, படகு, எஞ்சின் எல்லாம் சேர்ந்து 1000 கிலோ என்றால், தண்டின் நுனியில் ஏறக்குறைய 100 கிலோ அமர வேண்டும். இதை அறிவது எளிது. எஞ்சின், எண்ணெய்க் கேன், வலை யாவற்றையும் அவற்றுக்குரிய இடத்தில் வைத்து, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு அண்டைக்கல் கொடுங்கள். பிறகு மீன் நிறுக்கும் தராசின்மேல் ஒரு கட்டையை நிறுத்தி, டிராக்டர் கொக்கியின் உயரத்தில் நுனியை அதன்மேல் அமர்த்துங்கள். பாரம் குறைந்தால் அச்சைப் பின்னே தள்ளுங்கள். மிகுந்தால் முன்னே கொண்டுவாருங்கள். இதற்காகத்தான் அச்சைச் சட்டத்தோடு பற்றவைக்காமல் 'யு' போல்ட் போட்டுப் பூட்டச் சொல்லுகிறேன். கொக்கியோடு ஒரு சங்கிலியும் இருக்கட்டும். இழுவை ஊசி முறிந்தாலும் வண்டி சரிவில் ஓடாது.

இனி பேரிங். தார்ச்சாலையில் ஓடி வந்த சக்கரத்தின் குடம் சூடாயிருக்கும். அந்தச் சூட்டோடு கடலில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, உப்புநீரை உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் கிரீஸ் எங்கே, பேரிங் எங்கே? சூடு ஆறும்வரை காத்திருங்கள். இழுவைத் தண்டை நீட்டிக்கொண்டால் டிராக்டராவது உப்பில் இறங்காமல் கெட்டித் தரையில் நிற்கும். குழாய்ச் சட்டத்தின் அடியில் நீர் வடியத் துளை போடுங்கள். இல்லையேல் வெளியே வர்ணம் மின்ன, உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். நல்ல தண்ணீருக்கு நம்மூரில் உள்ள பஞ்சம் எனக்குத் தெரியும். கிடைக்கிற ஒரு வாளியை முதலில் வில்லுக்கும் பேரிங்குக்கும் ஊற்றுங்கள்.

நாகம் பூசிய இரும்பைப் பற்றவைக்குமுன் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். அந்தப் புகையைச் சுவாசித்துக் காய்ச்சலில் படுத்தவர்களை நான் போய்ப் பார்த்திருக்கிறேன். படகைத் தாங்கும் கட்டைகளை விலாச்சட்டங்களுக்கு நேர்கீழே வையுங்கள். மணலில் டயர் காற்றைக் குறைத்தவர்கள், தாரில் ஏறுமுன் மறுபடி நிரப்ப வேண்டும். இன்னொன்று, சிலருக்குப் பிடிக்காது: டிரெய்லரும் சட்டப்படி மோட்டார் வாகனமே. பதிவு இல்லாமல் பொதுச்சாலையில் இழுக்கலாகாது.

ஏலக்கூடத்துத் தராசு சனிக்கிழமை மாலையில் சும்மாதான் கிடக்கிறது. ஐந்து மணிக்கு வண்டிகளைக் கொண்டுவாருங்கள். ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்போம், நானும் வருகிறேன்.