ஆறு பேர் போதும்

(ஊராட்சி உறுப்பினர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சிறிய ஊர்ப் பள்ளிகளின் விளையாட்டைக் குறித்துச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன். சாலை, குடிநீர், பாசனம் என்று எத்தனையோ காரியங்கள் காத்திருக்க, பிள்ளைகளின் பந்தாட்டமும் நம் கவலையா என்று சிலர் எண்ணலாம். அவர்களுக்கு அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்தில், ஒரு பள்ளி ஆசிரியர் செய்த காரியத்தை எடுத்துரைக்கிறேன்.

நெப்ராஸ்கா, மக்காச்சோளமும் கோதுமையும் விளையும் பரந்த சமவெளி. பண்ணைகள் பெரியவை, ஊர்களோ மிகச் சிறியவை. அந்நாட்டார் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் நாம் அறிந்த கால்பந்தினின்றும் வேறானது. நீள்வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், சில வேளை உதைத்தும் எதிரியின் எல்லைக்குக் கொண்டு செல்லவேண்டும். பக்கத்துக்குப் பதினொருவர் ஆடுவர். உயர்நிலைப் பள்ளி முழுவதிலும் இருபது பையன்களே இருந்தால் என் செய்வது? அவர்களிலும் வயதில் இளையவர், மெலிந்தவர், நோயுற்றவர் நீங்கினால் ஓர் அணி தேறுவதே அரிது. பெரிய ஊர்ப் பிள்ளைகள் ஆட, சிற்றூர்ப் பிள்ளைகள் வேலியோரம் நின்று பார்த்தார்கள்.

1930-களில் பொருளாதார மந்தமும் வறட்சியும் அந்த உழவர்களை ஒருங்கே வாட்டின. தலைக்கவசம் முதலிய சாமான்கள் வாங்கவும் பணமில்லை. அக்காலத்தில் செஸ்டர் என்னும் சிற்றூரின் பள்ளியில் ஸ்டீபன் எப்ளர் என்பவர் ஆசிரியராக இருந்தார். ஆட்டத்துக்கேற்ற பள்ளியைத் தேடுவதை விட்டு, பள்ளிக்கேற்றவாறு ஆட்டத்தை அமைக்க அவர் முனைந்தார். 1934-இல் அறுவர் ஆட்டம் உருவாயிற்று.

அதன் விதிகளைக் கவனியுங்கள். 100 கஜ நீளக் களம் 80 கஜமாகவும், 53 கஜத்துக்குச் சற்று மேற்பட்ட அகலம் 40 கஜமாகவும் குறைக்கப்பட்டன. பதினொருவர் ஆட்டத்தில் நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜம் முன்னேறவேண்டும். இதிலோ 15 கஜம். ஆட்கள் குறைந்தால் ஓடுவதற்கு இடம் மிகுதியல்லவா? பெரிய ஆட்டத்தில் எறிந்த பந்தைப் பிடிக்கும் உரிமை சிலருக்கே உண்டு. இதில் அறுவருக்கும் உண்டு. பந்தை முதலில் பெறுபவன் தானே அதை ஏந்தி முன்கோட்டைத் தாண்டி ஓடலாகாது, இன்னொருவனிடம் கைமாற்றியாகவேண்டும். ஆகவே வலுத்த ஒருவனே எல்லாவற்றையும் செய்துவிட முடியாது. கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்தால் மூன்று புள்ளிக்குப் பதில் நான்கு. உதைப்பவனைக் காத்து நிற்க ஆள் குறைவாதலால், அருமையான அச்செயலுக்கு மதிப்பும் அதிகம். இன்று வழங்கும் விதிப்படி, பாதி ஆட்டம் முடிந்தபோதோ அதன் பின்னரோ ஓர் அணி 45 புள்ளிகள் முந்திவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். தோற்றவனை மேலும் வருத்துவதில் என்ன பயன்?

1934 செப்டம்பரில் ஹெப்ரன் என்ற ஊரில் முதல் ஆட்டம் நடந்தது. நான்கு ஊர்ப் பள்ளிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து இரு அணிகள் அமைத்தன. முடிவு 19-க்கு 19, வெற்றி தோல்வியில்லை. ஆனால் ஆட்டம் பிழைத்துக்கொண்டது. 1938-இல் டெக்ஸாஸிலும் ஆடத் தொடங்கினர்.

பிற்காலத்தில் பல சிறிய பள்ளிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன, சில மூடப்பட்டன. அதனால் அறுவர் ஆட்டமும் பல இடங்களில் மறைந்தது. விளையாட்டு விதியை மாற்றியதால் மட்டும் ஊரைவிட்டு மக்கள் வெளியேறுவதைத் தடுக்க இயலவில்லை. இதை நாம் மறைக்கவேண்டியதில்லை. எனினும் டெக்ஸாஸில் ஏறக்குறைய நூறு மாணவர்களுக்கு உட்பட்ட பள்ளிகள் இன்றும் இதை ஆடுகின்றன. 1972 முதல் அவற்றுக்கென மாநிலப் போட்டியும் உண்டு. நெப்ராஸ்காவில் அறுவர் ஆட்டத்தோடு எண்மர் ஆட்டமும் நடைபெறுகிறது.

நண்பர்களே, அந்த ஆட்டத்தையே இங்கே கொண்டுவாருங்கள் என்று நான் கூறவில்லை. நமக்குக் கபடி உண்டு, எழுவர் போதும். கைப்பந்துக்கு அறுவர் போதும். எப்ளரிடம் கற்கவேண்டியது அவர் கையாண்ட முறை. அவர் அளவைக் குறைத்தார். ஆட்டத்தின் சாரத்தைக் குறைக்கவில்லை. ஓட்டம், எறிதல், பிடித்தல், உதைத்தல் யாவும் இருந்தன. ஆகையால் பிள்ளைகள் அதை அரைகுறை ஆட்டமென்று இகழவில்லை.

முழு மைதானம் கிடைக்கட்டும், முழு அணி சேரட்டும் என்று காத்திருந்தால், இன்று எட்டாம் வகுப்பில் இருக்கும் பையன் பள்ளியை முடித்துப் போய்விடுவான். அவனுடைய காலம் நமக்காகக் காத்திராது. இருக்கும் பிள்ளைகளை எண்ணுங்கள். இருக்கும் இடத்தை அளந்து பாருங்கள். தலைமையாசிரியருடன் அமர்ந்து அதற்கேற்ற ஆட்டத்தை வகுத்துக் கொடுங்கள். பக்கத்து ஊரையும் பந்தயத்துக்கு அழையுங்கள். வேலியோரம் நிற்கும் பிள்ளை ஒருவனாவது களத்தினுள் வரட்டும்.