சட்டம் நீங்கினால் ஒப்பந்தம் நீங்குமா?

பெங்களூரில் அல்சூரிலும் சிவாஜி நகரிலும் வாடகைக்குக் குடியிருக்கும் தமிழர்களாகிய நம்மிடையே நெடுநாளாக ஓர் ஐயம் உண்டு. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கியபோது, அதன் காலத்தில் செய்துகொண்ட ஒப்பந்தமும் நீங்கிவிட்டதா?

நீங்கவில்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்தத்தைப் படைக்கவில்லை. தான் கூறிய காரணமின்றி வீட்டுக்காரர் நம்மை வெளியேற்றலாகாது என்று ஒரு காப்பை அதன்மேல் அளித்தது. 2001 டிசம்பர் 31இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமோ, பெங்களூரில் மாதம் 3,500 ரூபாய்க்கு மேல் வாடகை பெறும் வீடுகளை விலக்கிவிட்டது. அங்கே காப்பு போயிற்று, ஒப்பந்தம் நின்றது. டெல்லியிலும் முன்னர் இதே வரம்பு வந்தபோது குடியிருப்போர் உச்ச நீதிமன்றம் சென்றனர். சட்டம் தந்த காப்பு நிலைத்த உரிமையன்று என்றே தீர்ப்பாயிற்று. பாட்டனார் காலத்துக் குடித்தனம் என்பது, வருத்தந்தான், வழக்கில் வாதமாகாது.

அத்தகைய வீடுகளுக்கு 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டமே பேசும். வேறு ஏற்பாடு இல்லையெனில், மாதக் குடித்தனத்தை 15 நாள் அறிவிப்பில் முடிக்கலாம். ஆகவே அறிவிப்புக் காலத்தை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவோம். அறிவிப்பு முடிந்த பின்னும், வீட்டுக்காரர் நீதிமன்றத்தின் வழியாகவே வீட்டை மீட்க வேண்டும்; பூட்டை உடைத்துச் சாமான்களைத் தெருவில் வைக்க அவருக்கு அதிகாரமில்லை.