வரிசையின் நியாயம்



வலையமைப்பு நெறிமுறைகளையும் அவற்றின் வழியே செல்லும் போக்குவரத்தின் நடத்தையையும் ஆராயக் கூடியிருக்கும் இக்கருத்தரங்கிற்குத் தலைமை தாங்கும் பேற்றை எனக்கு அளித்த அமைப்பாளர்களுக்கு முதற்கண் என் நன்றி. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் பெண்களுக்கென ஒரு கல்லூரியை நிறுவிய காலந்தொட்டுக் கல்விக்கும், பின்னர் இசைக்கும் நடனத்துக்கும் பேர்பெற்று விளங்கும் மருதனார்மடத்தில், கணினி சாஸ்திரத்தின் நுணுக்கமான ஒரு கிளையைப் பற்றித் தமிழிலே பேசக் கிடைத்த இந்தச் சந்தர்ப்பம் எனக்குப் பெரும் மகிழ்ச்சியைத் தருகின்றது. எனினும், சபையில் அமர்ந்திருப்போருட் பலர் இத்துறையில் என்னினும் ஆழ்ந்த பயிற்சியுடையவர்கள் என்பதை எண்ணும்போது சற்றே நெஞ்சு படபடக்கின்றது என்பதையும் மறைப்பதற்கில்லை.

இன்றைய பொருளின் அடிப்படைகளை இச்சபைக்கு விளக்க வேண்டியதில்லை. தொலைபேசி அழைப்புகளின் வருகை புவாசோன் பரம்பலுக்கு இணங்குவதாக 1909இல் ஏர்லாங் காட்டியதும், பெல்கோர் ஆய்வுகூடத்து ஈதர்நெற் அளவீடுகளைக் கொண்டு லீலண்ட், தக்கு, வில்லிங்கர், வில்சன் ஆகிய நால்வரும் அக்கணிப்புத் தரவுப் பொதிகளுக்குப் பொருந்தாது என்று 1993இல் நிறுவியதும், பக்சனும் சலி புளொய்டும் 1995இல் அதே முடிவைப் பரந்த வலையமைப்புகளுக்கு விரித்ததும் நீங்கள் அறிந்தவையே. 1986 ஒக்ரோபரில், நானூறு யார் தூரமே இடைவெளியுள்ள லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் பேர்க்லிப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே செக்கனுக்கு 32 கிலோபிற்றாக இருந்த ஓட்டம் 40 பிற்றாகச் சுருங்கியதையும், அந்த வீழ்ச்சியின் காரணத்தைத் தேடிச் சென்ற வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட கட்டுரை ரீ.சீ.பீ. நெறிமுறைக்கு மறுவாழ்வு அளித்ததையும் முதலாண்டு மாணவனும் சொல்வான். இவற்றின் கிளைகளை இன்று வாசிக்கப்படவுள்ள கட்டுரைகள் விரிவாக ஆராயும். ஆகையால் எனக்கு அளிக்கப்பட்ட நேரத்தை, நம் பாடத்திட்டங்களில் உரிய இடம் பெறாத ஒரே ஒரு மூல ஆவணத்துக்காகச் செலவிட அனுமதி வேண்டுகிறேன்.

ஜோன் நேகிள் என்னும் பெயர் உங்களுக்குப் புதிதன்று. சிறுசிறு பொதிகளை ஒன்றுசேர்த்து அனுப்பும் உபாயம் அவர் பெயராலேயே பாடநூல்களில் வழங்குகின்றது. அது இடம்பெற்ற ஆர்.எவ்.சி. 896 என்னும் 1984ஆம் ஆண்டு ஆவணம், பேர்க்லி வீழ்ச்சிக்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே நெரிசல் வீழ்ச்சி என்ற அபாயத்தை எச்சரித்தது. ஆனால் 1985 டிசெம்பரில் அவர் எழுதிய ஆர்.எவ்.சி. 970, அதனினும் ஆழ்ந்த சிந்தனையை உடையதாயிருந்தும், மேற்கோள்களின் அடிக்குறிப்பிலே மாத்திரம் உயிர்வாழ்கின்றது. அதில் அவர் எழுப்பும் வினா, கேட்ட மாத்திரத்தில் வீணான கற்பனை போலத் தோன்றும்: ஒரு பொதிமாற்றிக்கு எல்லையற்ற நினைவகம் இருந்தால் என்ன நிகழும்? இடம் போதாமையாற் பொதிகள் கைவிடப்படும் நிலை அற்றுப்போகும் ஆதலால் நெரிசற் பிரச்சினையும் தீர்ந்துவிடும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். நேகிள் காட்டுவது இதற்கு நேர்மாறானது. ஒவ்வொரு பொதிக்கும் ஓர் ஆயுள் விதிக்கப்பட்டிருக்கிறது; அனுப்பும் வேகத்தினும் வருகையின் வேகம் மிகுந்திருக்குமாயின் வரிசை இடையறாது வளரும்; வளர வளரக் காத்திருக்கும் காலம் அந்த ஆயுளை மிஞ்சும்; ஈற்றிலே வரிசையின் தலைப்பகுதிக்கு வந்துசேரும் ஒவ்வொரு பொதியும் ஆயுள் முடிந்த பொதியாகவே வந்துசேர, எல்லையற்ற நினைவகம் படைத்த அந்தப் பொதிமாற்றி எல்லாப் பொதிகளையும் கைவிடும். இந்த ஊர்ச் சந்தைக்கு வைகறையில் வரும் கீரையையும் கத்தரிக்காயையும், விற்கும் வேகத்தைப் பாராமல், எத்தனை மூடை வந்தாலும் இடமுண்டு என்று சொல்லும் ஒரு களஞ்சியத்தில் வந்த ஒழுங்கிலேயே அடுக்கி வந்த ஒழுங்கிலேயே எடுத்து விற்பதாக வைத்துக்கொண்டால், சில நாட்களின் பின்னர் அங்கே விலைபோகும் நிலையில் ஒரு பிடி கீரைதானும் இராது.

இந்த ஆவணம் நம்மிடையே வாசிக்கப்படாமைக்கு நம்முடைய சரித்திரமும் ஒரு காரணம். பேராசிரியர் அபய இந்துருவ போன்றோரின் முயற்சியால் லேர்ண் எனப்படும் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு மின்னஞ்சற் சேவையாக வேர்கொண்ட அதே 1990இல், யாழ்ப்பாணக் குடாநாடு யுத்தத்தினால் மின்சாரத்தையும் தொலைபேசியையும் இழந்து நின்றது. இத்துறையின் அஸ்திவாரக் கட்டுரைகள் ஒவ்வொன்றாய் வெளிவந்து, வாதிக்கப்பட்டு, திருத்தப்பட்ட ஆண்டுகளிலே நாம் மண்ணெண்ணெய் விளக்கின் கீழ் இருந்தோம். பின்னர் இவ்வறிவு நம்மை வந்தடைந்தபோது, வாதங்கள் ஓய்ந்து முடிவுகள் மாத்திரம் எஞ்சிய பாடநூல் வடிவிலே வந்தடைந்தது. எந்தக் கட்சி ஏன் வென்றது, தோற்ற கட்சி உண்மையில் தோற்றதா என்பவை அந்நூல்களில் இல்லை. மூல ஆவணங்களுக்குத் திரும்புவதை வெறும் பழமைப் பற்று என்று கருதும் நண்பர்களுக்கு இதை மிக்க மரியாதையோடு நினைவூட்ட விரும்புகிறேன்.

நேகிளின் கற்பனை, நினைவகம் மலிந்த இருபத்தோராம் நூற்றாண்டில் மெய்யாயிற்று. 2010இன் இறுதியில் ஜிம் கெற்றிஸ் தம் வீட்டு இணைப்பில் உண்டான தாமதத்தை ஆராயப் புகுந்து, பொதிகள் வரிசையில் நிற்கும் நினைவகமாகிய இடையகங்களின் வீக்கம் என்ற நோயை உலகுக்கு எடுத்துக் காட்டினார். இதைக் காணக் கலிபோர்னியாவுக்கோ மசசூசெற்சுக்கோ போக வேண்டியதில்லை; காங்கேசன்துறை வீதியோரத்து வீடொன்றில், மடிக்கணினியில் கொழும்புச் சேவையகமொன்றுக்குப் பிங் கட்டளையை ஓடவிட்டு, அதே வேளையில் கைப்பேசியிலிருந்து ஒரு கலியாண வீடியோவைத் தரவேற்றிப் பார்த்தாற் போதும். பத்துக்கணக்கான மில்லிசெக்கன்களில் அமைதியாக நின்ற எண், தரவேற்றம் தொடங்கிய கணந்தொட்டு நூறுகளுக்கும், அங்கிருந்து ஆயிரத்துக்கு அப்பாலும் ஏறும். பொதி ஒன்றும் தொலையாது. தரவேற்றம் முடிந்ததும் எண் தானே இறங்கிவிடும். செக்கனுக்கு ஒரு மெகாபிற்று தரவேற்றும் இணைப்பின் முன்னே 250 கிலோபைற்று இடையகம் நிரம்பி நின்றால், அதைக் கடக்க இரண்டு செக்கன் செல்லும். மருதனார்மடத்திலிருந்து சென்னை நேர்கோட்டில் நானூறு கிலோமீற்றருக்கும் குறைவு. ஒளியிழையில் ஒளி அங்கே போய்த் திரும்ப நான்கு மில்லிசெக்கன் போதும். அந்த இரண்டு செக்கனில் ஒளியிழையூடாகச் செல்லும் ஒளி நான்கு இலட்சம் கிலோமீற்றர் சென்றிருக்கும். அது சந்திரனுக்குள்ள சராசரித் தூரத்திலும் அதிகம். இத்தனை தூரத்தையும் சுவரில் மாட்டிய ஒரு சின்னஞ்சிறு பெட்டி தன் வரிசைக்குள் அடக்கி வைத்திருக்கிறது.

பட்டையகலத்தைப் பெருக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற அபிப்பிராயம் முந்திய கருத்தரங்குகளில் இதே போன்ற மேடைகளிலிருந்து உறுதியாகச் சொல்லப்பட்டது. சொன்னவர்கள் நான் மதிக்கும் அறிஞர்கள். கடலடி வடங்கள் பெருகியதும், ஒளியிழை வன்னியைக் கடந்து வடக்கே வந்ததும் பெருநன்மைகள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் 2020இன் பெருந்தொற்றுக் காலத்தில், லேர்ண் வழியே சூம் வகுப்புகள் நாடெங்கும் நடந்தபோது, பட்டையகலம் தாராளமாயிருந்த வீடுகளிலும் மாணவரின் குரல் துண்டுதுண்டாக அறுந்து வந்ததை நாம் அனைவரும் கேட்டோம். குரலுக்கு வேண்டியது செக்கனுக்குச் சில பத்துக் கிலோபிற்றுகளே. அந்தச் சிறுபொதிகள் அதே வீட்டில் தம்பி செய்த தரவேற்றத்துக்குப் பின்னால் வரிசையில் நின்றன. பொதுவாக ரீ.சீ.பீ., பொதி தொலைந்தாலன்றி வேகத்தைக் குறைக்காது. இடையகம் பெரிதாயின் பொதி எளிதில் தொலையாது. ஆதலால் பாதை அகன்றாலும், அதன் குறுகிய இடத்தில் உள்ள வரிசையை ரீ.சீ.பீ. நிரப்பியே தீரும். வேகத்தின் எண்ணொன்றையே செயற்றிறனின் அளவுகோலாகக் கொள்ளும் ஆய்வுக்கட்டுரைகள் இன்றும் எழுதப்படுவது எனக்கு உண்மையான வருத்தத்தைத் தருகின்றது.

நேகிள் நோயைச் சொன்னதோடு நிற்கவில்லை, பரிகாரமும் சொன்னார். அனுப்புகின்ற ஒவ்வொரு கணினிக்கும் ஒவ்வொரு வரிசை வைத்து, வரிசைக்கு ஒரு பொதியாகச் சுழன்று எடுத்து அனுப்பினால், ஓயாமற் பொதிகளைக் கொட்டும் கணினி தன் வரிசையையே நீட்டித் தன்னையே தண்டித்துக்கொள்ளும். நல்லொழுக்கமே ஒவ்வொருவருக்கும் இலாபமான வழியாக அமையும். 1989இல் டெமர்ஸ், ஸ்ரீநிவாசன் கேசவ், ஷெங்கர் ஆகிய மூவர், பெரிய பொதிகளை அனுப்புவோர் கூடுதற் பங்கு பெறாதபடி இதைச் செப்பஞ் செய்தனர். இந்த மரபையே 2007இல் பொப் பிறிஸ்கோ மிகக் கடுமையாகத் தாக்கினார். ஓட்டங்களுக்கிடையே சமபங்கு என்பது ஒரு மூடநம்பிக்கை என்றும், நூறு ஓட்டங்களைத் திறப்பவன் நூறு பங்கு பெறுவதை அது நியாயமென்று ஒப்புக்கொள்கிறது என்றும் அவர் வாதித்தார். நம்மிடையேயும் அந்தக் கட்டுரையை இறுதித் தீர்ப்பாகக் கொள்வோர் உளர். அவ்வாதத்தின் கூர்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் 1985இன் ஆவணத்தைக் கையிலெடுத்துப் பார்த்தவர்கள், நேகிள் வரிசை வைத்தது ஓட்டத்துக்கன்று, கணினிக்கே என்பதை அறிவார்கள். நூறு ஓட்டங்கள் திறந்த கணினிக்கும் அங்கே ஒரே பங்குதான். எறியப்பட்ட கல் பின்னால் வந்தவர்களின் மேல் விழுகிறதேயன்றி மூலத்தின் மேல் விழவில்லை. காலப்போக்கிலே மிகையாக நுகர்வோர் பற்றிப் பிறிஸ்கோ எழுப்பிய வினாவுக்கு நேகிளிடம் விடையில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன், அது தனிவழக்கு.

முகவரி மாற்றம் செய்யும் றவுட்டர்களுக்குப் பின்னால் ஒரு வீடு முழுவதும் ஒரே முகவரியாய்த் தோன்றும்போது, கணினிக்கொரு வரிசை எப்படிச் சாத்தியம் என்று கேட்பீர்கள். தரவிறக்கப் பாதையில் இத்தடை மெய்யே. தரவேற்றப் பாதையிலோ, வரிசை வீங்குவது வீட்டு றவுட்டரில். முகவரி மாறுமுன்னர் ஒவ்வொரு கருவியையும் அது தனித்தனியே காண்கிறது. நேகிளின் யோசனை எங்கே மிக எளிதில் நிறைவேறுமோ அங்கேயே அது மிகவும் வேண்டப்படுகிறது. 2025இல் காலமான டேவ் தாற்றும் அவருடைய தோழர்களும் கேக் என்னும் பெயரில் லினக்சுக்கு ஆக்கிய வரிசை முறை, இதையே செய்து காட்டியது. அம்மனிதர் இந்தத் தாமதத்துக்கெதிராக ஆண்டுக்கணக்காய் நடத்திய போராட்டத்துக்கு இச்சபையின் அஞ்சலியைச் செலுத்த விரும்புகிறேன்.

சோல்ற்சர், ரீட், கிளார்க் ஆகியோரின் முனைக்கு முனை என்ற கோட்பாட்டைக் காட்டி, நடுவிலே அறிவு கூடாது என்பாருக்கும் ஒரு வார்த்தை. சென்னை ஐ.ஐ.ரி.யில் 1993இல் பட்டம் பெற்றுப் பேர்க்லிக்குச் சென்ற ஹரி பாலகிருஷ்ணனும் சகபாடிகளும் 1995இல் வெளியிட்ட ஸ்னூப் என்னும் முறை, வானலையிலே தொலையும் பொதியை நெரிசலின் அறிகுறியென்று ரீ.சீ.பீ. பிழையாகக் கொள்ளாதபடி, தளநிலையத்திலிருந்தே அதை மீள அனுப்பியது. நடுவிலுள்ள கருவி சரியான இடத்தில் சிறிதளவு செய்தால் முனைகள் பெரிதும் பயன்பெறும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? தலைப்பைக்கூட மறைகுறியாக்கும் இன்றைய குவிக் நெறிமுறை, அத்தகைய உதவியைக் கடினமாக்கிவிட்டது உண்மை. வரிசை முறைக்கோ பொதியின் உள்ளே பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. யார் அனுப்பினார் என்பது தெரிந்தாற் போதும்.

நம் மாணவர்களின் ஆய்வுகளிற் பெரும்பாலானவை பாவனையாக்க மென்பொருளில், ஒழுங்கான வருகையையும் கற்பனை வழித்தடங்களையும் வைத்துச் செய்யப்படுகின்றன. அவற்றை நான் தடுக்கவில்லை. ஆயினும் கோண்டாவிலிலும் சுன்னாகத்திலும் உடுவிலிலும் உள்ள தத்தம் வீடுகளில், சுமையற்ற வேளையிலும் சுமை மிகுந்த வேளையிலும் சென்று மீளும் நேரத்தை அளந்து, நாளும் நாழிகையும் இணைப்பின் வகையும் குறித்து ஒரு பொதுத் தொகுப்பில் அவர்கள் சேர்ப்பார்களாயின், குடாநாட்டின் இணையத்தைப் பற்றி எவரும் மறுக்க முடியாத ஓர் ஆதாரம் உருவாகும். அதன் பின்னர் அதே வீடுகளிற் பாதியில் வரிசை முறையை மாற்றி மீண்டும் அளக்கலாம். நான் இன்று சொன்னதை ஏற்காதவர்கள் முதலிலே அவ்வளவீட்டில் பங்குகொள்ள வேண்டுமென்று விசேஷமாகக் கேட்டுக்கொள்கிறேன். அவர்களுடைய எண்கள் என் பக்கத்துக்கு மாறாயிருப்பின் அடுத்த கருத்தரங்கில் அவற்றுக்கே முதலிடம் தரப்படல் வேண்டும். அதற்கான படிவமொன்று வாயிலருகே மேசையில் வைக்கப்பட்டுள்ளது. முதலாவது கட்டுரையாளரை இப்போது மேடைக்கு அழைக்கிறேன்.